காத்திருக்கும் நகல் கைகொடுக்குமா?
இரட்டித்த மின்னஞ்சல் தரவுத்தளங்களின் நலனைக் கண்காணிப்பது பற்றிய மதிப்பாய்வு

ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் தரவுத்தளம் இரண்டு சர்வர்களில் இருக்கிறது. ஒன்றில் உள்ளது அன்றாட வேலையைப் பார்க்கிறது. மற்றொன்றில் உள்ளது, முதலாவது படுத்துவிட்டால் பொறுப்பேற்கக் காத்திருக்கும் நகல். தேவைப்படும் நாளில் அந்த நகல் உண்மையாகவே கைகொடுக்குமா என்பதை, அந்த நாள் வருவதற்கு முன்பே எப்படி அறிவது? கணினித் துறை நாற்பது ஆண்டுகளாக இதற்கு விடை தேடிவருகிறது. பல விடைகள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நலத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே அளக்கிறது.

இரட்டிப்பு என்ற கருத்து மின்னஞ்சலுக்குப் புதிதல்ல. 1989இல் வெளிவந்த லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளின் அடிப்படையே சர்வர்களுக்கிடையே தரவுத்தளங்களைப் படியெடுப்பதுதான். மைக்ரோசாஃப்ட் தன் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2007இல், மாற்றங்களைப் பதியும் லாக் கோப்புகளை அனுப்பி நகலைப் புதுப்பிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அடுத்து வந்த எக்ஸ்சேஞ்ச் 2010இல் 16 சர்வர்கள் வரை ஒரே குழுவாக இயங்க வழி செய்தது. சைரஸ், டவ்காட் போன்ற திறமூல சர்வர்களும் தத்தம் வழியில் நகல் வைத்துக்கொள்ளக் கற்றன. நகல் எடுப்பது இவ்வாறு பெருமளவு தீர்ந்த பிரச்சினையாயிற்று. அதன் நலனை அறிவது அப்படித் தீரவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இக்கேள்வியின் கனம்

இந்த விவாதத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் அனுபவங்கள் பெரும்பாலும் கூகுள், மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் போன்ற நிறுவனங்களுடையவை. திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பகுதிகளில் வைத்துப் பார்த்தால் கேள்வியின் வடிவம் மாறுகிறது.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில், கொல்கத்தா நெடுஞ்சாலையையும் சென்னை–கூடூர் ரயில் பாதையையும் ஒட்டி இருக்கிறது கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம். உருக்கு, மறுஉருட்டு, வார்ப்பு, பொறியியல் உதிரிபாக ஆலைகள் நிறைந்த பகுதி. அதே வட்டத்தில் தேர்வாய்கண்டிகை சிப்காட். அதே மாவட்டத்தில், எண்ணூரில், 2001இல் தொடங்கப்பட்ட காமராஜர் துறைமுகம்; அருகிலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம். இத்தகைய ஆலைகளின் மின்னஞ்சலில் ஓடுவது வெறும் கடிதப் போக்குவரத்து அல்ல. வாடிக்கையாளர் அனுப்பும் வரைபடங்கள், உருக்கின் வேதிக்கூறுகளைச் சொல்லும் சோதனைச் சான்றிதழ்கள், கொள்முதல் ஆணைகள், கப்பல் ஆவணங்கள் எல்லாம் அதில் உண்டு. 2010இல் டிரைமெக்ஸ் – வேதாந்தா அலுமினியம் வழக்கில், இரு தரப்பும் மின்னஞ்சலில் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளே முடிவான ஒப்பந்தம் ஆகும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அஞ்சல் பெட்டி ஒரு சட்ட ஆவணக் காப்பகமாகவும் இருக்கிறது.

ஆலை கும்மிடிப்பூண்டியில், தலைமை அலுவலகம் சென்னையில், இரண்டிலும் ஒவ்வொரு சர்வர் என்ற அமைப்பை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். தூரம் இங்கே தடையே அல்ல. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், போய்த் திரும்ப அரை மில்லிநொடியே போதும். இடைக் கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் சில மில்லிநொடிகள். எக்ஸ்சேஞ்ச் குழுவுக்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த உச்சவரம்பு 500 மில்லிநொடி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தூண்டல் உலைகள் மின்சுமையை ஏற்றி இறக்கும்போது அருகிலுள்ள மின்வழியின் தரம் குலையக்கூடும். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் பிடிக்கும்வரை யூ.பி.எஸ். தாங்கியாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயல், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் மழை ஆகியவை சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் சேர்த்தே பாதித்தன. இரு நகல்களும் ஒரே வானத்தின் கீழ் இருக்கின்றன. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்து விடைகளை எடைபோடலாம்.

முதல் விடை: உயிரோடு இருக்கிறதா?

மிகப் பழைய விடை, துடிப்பைக் கேட்பது. ஒவ்வொரு சர்வரும் மற்றொன்றுக்குச் சில நொடிக்கொரு முறை சிறு செய்தி அனுப்பும். குறிப்பிட்ட நேரம் வராவிட்டால், அது இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும். கிளஸ்டர் மென்பொருள்கள் இன்றும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன.

இதன் எல்லையை 1985இலேயே ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் கணித முறையில் காட்டினார்கள். செய்தி வந்துசேர ஆகும் நேரத்துக்கு வரம்பில்லாத வலையமைப்பில், இறந்த கணினியையும் மெதுவாக இயங்கும் கணினியையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது; ஆகவே அவற்றிடையே பிழையின்றி ஒருமித்த முடிவை எட்டுவதற்கு எப்போதும் பலிக்கும் உத்தரவாதம் கிடையாது. 1996இல் சந்திரா, டூவெக் இருவரும், தவறக்கூடிய கண்டறிகருவியைக் கொண்டும் சில நிபந்தனைகளின் கீழ் முடிவெடுக்கலாம் என்று நிறுவினார்கள். 2004இல் ஜப்பானில் பணியாற்றிய ஆய்வாளர்கள் ‘உயிரோடு/இறந்து’ என்ற இரட்டைப் பதிலைக் கைவிட்டு, சந்தேகத்தின் அளவை எண்ணாகத் தரும் முறையை முன்வைத்தார்கள். மூன்றும் சேர்ந்து சொல்வது, துடிப்பு ஓர் ஊகம்தான், சான்று அல்ல என்பதே.

ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில் நடந்தது நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும்போது இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. தானியங்கி ஏற்பாடு மேற்குக் கரையிலிருந்த நகல்களுக்குப் பொறுப்பை மாற்றியது. ஆனால் கிழக்கில் எழுதப்பட்ட சில பதிவுகள் அதற்குள் மேற்கை அடைந்திருக்கவில்லை. ஒவ்வொரு கரையிலும் மற்றதில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. 43 நொடிப் பிரிவைச் சரிசெய்ய 24 மணி 11 நிமிடங்கள் பிடித்தன.

இரு சர்வர் மட்டுமே உள்ள அமைப்புக்கு இந்த ஆபத்து இன்னும் நெருக்கமானது. ஆலைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே ஃபைபர் அறுந்தால், இரண்டும் உயிரோடிருந்தபடியே மற்றது இறந்ததாக எண்ணும். இதைத் தவிர்க்க மூன்றாவதாக ஒரு சாட்சி சர்வர் வைப்பார்கள். சாட்சியின் வாக்கு யார் பக்கமோ அவரே தொடர்ந்து இயங்கலாம். சாட்சியை ஆலையிலேயே வைத்தால் ஆலையில் மின்சாரம் போகும்போது தலைமை அலுவலகம் நல்ல நகலோடு முடங்கும். தலைமை அலுவலகத்தில் வைத்தால், ஃபைபர் அறுந்ததும் ஆலையின் அஞ்சல் நிற்கும். இரண்டோடும் மின்சாரத்தையோ ஃபைபர் வழியையோ பகிராத மூன்றாம் இடமே சரியான இடம். நடுத்தர நிறுவனத்துக்கு அது கூடுதல் செலவு. துடிப்புக் கண்காணிப்பின் உண்மையான விலை மென்பொருளில் அல்ல, இந்த மூன்றாம் இடத்தில் இருக்கிறது.

இரண்டாம் விடை: எவ்வளவு பின்தங்கியிருக்கிறது?

உயிரோடிருந்தால் போதாது, நகல் மூலத்தோடு ஈடுகொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அடுத்த விடை. எக்ஸ்சேஞ்சில் இதற்கு இரண்டு வரிசைகள் உண்டு: மூலத்திலிருந்து இன்னும் வந்துசேராத லாக் கோப்புகளின் எண்ணிக்கை, வந்துசேர்ந்தும் நகலில் இன்னும் ஏற்றப்படாதவற்றின் எண்ணிக்கை. பொறுப்பேற்கத் தகுதியான நகலைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் வரிசை 10க்குக் குறைவாகவும் இரண்டாவது 50க்குக் குறைவாகவும் உள்ளவற்றுக்கு மென்பொருள் முன்னுரிமை தருகிறது. டாமினோவில், அதாவது 2019இல் எச்.சி.எல். கைக்கு வந்த லோட்டஸ் நோட்ஸ் வழித்தோன்றலில், அளவு நொடிகளில் வருகிறது: ஒரு மாற்றம் எத்தனை நொடிகளாக வரிசையில் காத்திருக்கிறது?

எண் தெளிவானது, வரைபடமாகப் போடலாம், வரம்பு வைத்து எச்சரிக்கை அடிக்கலாம். அதனால்தான் கண்காணிப்புத் திரைகளில் இதுவே முதலிடம் பெற்றது. ஆனால் இதற்கு மூன்று பலவீனங்கள் உண்டு.

ஒன்று, எண்ணின் பொருள் வேலையின் தன்மையைப் பொறுத்தது. எக்ஸ்சேஞ்ச் லாக் கோப்பு ஒன்றின் அளவு 1 எம்.பி. பத்துக் கோப்புகள் என்றால் 10 எம்.பி. எழுத்து மட்டுமே உள்ள அஞ்சல்கள் ஓடும் அலுவலகத்தில் அது நூற்றுக்கணக்கான கடிதங்கள். பொறியியல் ஆலையிலோ 15 எம்.பி. வரைபடம் இணைத்த ஒரே அஞ்சல் அந்த வரம்பைத் தாண்டிவிடும். கைநூல் சொல்லும் வரம்பை அப்படியே வைத்தால் கும்மிடிப்பூண்டி ஆலையில் எச்சரிக்கை நாள்தோறும் அடிக்கும். சில வாரங்களில் யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

இரண்டு, பூஜ்யம் எப்போதும் நற்செய்தி அல்ல. மைசீகுவல் தரவுத்தளத்தின் புகழ்பெற்ற ‘மூலத்துக்குப் பின்னே எத்தனை நொடி’ என்ற அளவு, நகலுக்கு வந்துசேர்ந்த பதிவுகளை வைத்தே கணக்கிடப்படுகிறது. வலையமைப்பு மெதுவாக இருந்து பதிவுகள் வரவே இல்லையென்றால், அது பூஜ்யம் என்று காட்டக்கூடும். இதற்கு மாற்றாக மூலத்தில் நொடிக்கொரு முறை நேர முத்திரை எழுதி, நகலில் அது எப்போது தெரிகிறது என்று பார்க்கும் வழக்கம் வந்தது. எக்ஸ்சேஞ்சின் வடிவமைப்பாளர்கள் இன்னொரு வழியை எடுத்தார்கள். மூலத்தின் நிலை பற்றிய தகவல் பழையதாகிவிட்டால், வரிசையின் நீளத்தைப் பத்தொன்பது இலக்க எண்ணாகக் காட்டச் செய்தார்கள். முதன்முறை பார்ப்பவர்கள் அதைப் பிழை என்று நினைப்பதுண்டு. ஆனால் அறியாமையை நலமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற கொள்கையின் வெளிப்பாடு அது. எந்தக் கண்காணிப்பு ஏற்பாட்டுக்கும் இக்கொள்கை பொருந்தும்.

மூன்று, நேரத்தால் அளப்பவர்களுக்கு இரு கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். இந்தியாவில் இது சட்டக் கடமையும் ஆகிவிட்டது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, நிறுவனங்களின் கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. 180 நாள் பதிவேடுகளை வைத்திருக்கவும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது.

மூன்றாம் விடை: உள்ளடக்கம் சரியா?

பின்தங்காத நகல் கெட்ட நகலாகவும் இருக்கலாம். வட்டில் எழுதியது எழுதியபடியே திரும்பி வரும் என்ற நம்பிக்கையை 2008இல் வந்த ஓர் ஆய்வு அசைத்தது. 15.3 லட்சம் வட்டுகளை 41 மாதங்கள் கவனித்ததில், சரிபார்ப்புத் தொகை பொருந்தாத நிகழ்வுகள் நான்கு லட்சத்துக்கும் மேல் பதிவாயின. வட்டு எந்தப் புகாரும் சொல்லாமலே தரவு மாறியிருந்தது. எனவே மின்னஞ்சல் தரவுத்தளங்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்துக்கொள்கின்றன. எக்ஸ்சேஞ்ச் 2010 முதல் பின்னணியில் பக்கங்களைத் தொடர்ந்து படித்துச் சோதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரு நகலில் பக்கம் கெட்டிருந்தால் மற்றொன்றிலிருந்து எடுத்து ஒட்டவும் செய்கிறது. நகல் இங்கே மருந்தாகவும் பயன்படுகிறது.

ஆனால் சரிபார்ப்புத் தொகைக்குத் தெரிந்தது, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்பது மட்டுமே. எழுத வேண்டியதுதான் எழுதப்பட்டதா என்பது அதற்குத் தெரியாது. 2011 பிப்ரவரி இறுதியில், சேமிப்பு மென்பொருள் புதுப்பிப்பில் இருந்த பிழையால் ஜிமெயில் பயனர்களில் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் காலியாகின. கூகுள் பல தரவு மையங்களில் நகல் வைத்திருந்தும், பிழை எல்லா நகல்களையும் தொட்டுவிட்டது. அஞ்சல்கள் கடைசியில் காந்த நாடாவிலிருந்து மீட்கப்பட்டன. நகல்கள் ஒன்றோடொன்று துல்லியமாக ஒத்திருந்தன என்பதே அங்கே பிரச்சினை.

இதற்கான பதில், வேண்டுமென்றே பின்தங்கவைத்த நகல். எக்ஸ்சேஞ்சில் லாக் கோப்புகளை 14 நாள் வரை ஏற்றாமல் நிறுத்திவைக்கலாம். மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த அமைப்பில் இரு தரவு மையங்களில் நான்கு நகல்கள். அவற்றில் ஒன்று ஏழு நாள் பின்தங்கியது. இரண்டு நகல் மட்டுமே வைத்திருக்கும் ஆலை, ஒன்றைப் பின்தங்கவைத்தால் உடனடி மாற்று இல்லாமல் போகும். வைக்காவிட்டால் தவறான அழிப்பு சில நொடிகளில் நகலுக்கும் போய்விடும். மேலும் 2021 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்சேஞ்ச் ஊடுருவல்களைப் போல, தாக்குபவர் நிர்வாகியின் அதிகாரத்தையே பெற்றுவிட்டால், அதே அதிகாரத்தின் கீழுள்ள பின்தங்கிய நகலும் பாதுகாப்பல்ல. வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட பேக்கப்பின் தேவையை எந்த இரட்டிப்பும் இன்னும் நீக்கவில்லை.

நான்காம் விடை: பயனருக்கு வேலை நடக்கிறதா?

உட்பகுதிகளை எவ்வளவு அளந்தாலும், ஓர் அமைப்பின் சரித்தன்மையை இரு முனைகளில்தான் முழுமையாகச் சோதிக்க முடியும் என்ற வாதத்தைச் சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1984இல் முன்வைத்தார்கள். இக்கருத்தின் வழித்தோன்றலாகக் கண்காணிப்பு மென்பொருள்கள் சோதனை அஞ்சல் அனுப்பிப் பார்க்கத் தொடங்கின. எக்ஸ்சேஞ்ச் 2013 இதைச் சர்வருக்குள்ளேயே கொண்டுவந்தது: சோதிப்பவை, முடிவெடுப்பவை, நடவடிக்கை எடுப்பவை என மூன்று அடுக்குகள், பயனர் செய்வதுபோல் உள்நுழைந்து பார்த்து, தோற்றால் சேவையை மறுதொடக்கம் செய்யும் அல்லது பொறுப்பை வேறு நகலுக்கு மாற்றும்.

இதன் தேவையை 2022 ஜனவரி 1 உணர்த்தியது. எக்ஸ்சேஞ்சின் தீம்பொருள் சோதனைப் பகுதி தன் புதுப்பிப்பின் எண்ணைத் தேதியிலிருந்து அமைத்தது. புத்தாண்டில் அந்த எண் 220 கோடியைத் தாண்டியது. அதை வைத்திருக்கும் இடத்தின் கொள்ளளவோ ஏறத்தாழ 214 கோடி. உலகெங்கும் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் அஞ்சல்கள் வரிசையில் தேங்கின. தரவுத்தள நகல்களுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. அஞ்சல் மட்டும் போகவில்லை. 2017இல் மைக்ரோசாஃப்டைச் சேர்ந்தவர்கள் உட்பட ஆய்வாளர்கள் சிலர் இத்தகைய நிலைக்கு ஒரு பொது விளக்கம் தந்தார்கள்: அமைப்பு தன்னை நலம் என்று காண்பதும், அதைப் பயன்படுத்துபவர் நலமில்லை என்று காண்பதும் ஒரே நேரத்தில் நிகழக்கூடும், பெரிய பழுதுகள் பலவும் அந்த இடைவெளியில் வளர்கின்றன.

ஆயினும் இந்த விடை நாம் தொடங்கிய கேள்வியை நேராகத் தொடவில்லை. சோதனை அஞ்சல் போய்ச் சேருவது வேலை செய்துகொண்டிருக்கும் நகலில். காத்திருக்கும் நகலை எந்தப் பயனரும் தொடுவதில்லை. அதனால் பயனரின் கண்ணோட்டம் அதை எட்டுவதில்லை.

ஐந்தாம் விடை: ஒத்திகை

காத்திருக்கும் நகலை உண்மையிலேயே பொறுப்பேற்கச் செய்து பார்ப்பதே நம்பத்தக்க சோதனை என்பது ஐந்தாம் தரப்பு. நெட்ஃபிளிக்ஸ் 2010ஐ ஒட்டித் தன் சர்வர்களைத் தானே எதேச்சையாக நிறுத்தும் மென்பொருளை இயக்கத் தொடங்கியபின் இத்தரப்புக்கு வலு கூடியது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்துக்கு நேர்ந்தது எதிர்மறைச் சான்று. நகல் பின்தங்கியதைச் சரிசெய்யும் முயற்சியில் ஒரு பொறியாளர் தவறுதலாக மூலத் தரவையே அழித்தார். வைத்திருந்த ஐந்து காப்பு, இரட்டிப்பு முறைகளில் எதுவும் நம்பகமாக இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு படிமம் மட்டுமே மிஞ்சியது.

எதிர்வாதமும் வலுவானதே. 1985இல் ஜிம் கிரே, டேண்டம் கணினிகளின் பழுதுகளை ஆராய்ந்தபோது 42 விழுக்காடு நிர்வாகச் செயல்களிலிருந்து வந்ததாகக் கண்டார். வன்பொருளின் பங்கு 18 விழுக்காடு. ஒத்திகையும் ஒரு நிர்வாகச் செயல்தான். பயிற்சி இல்லாதவர் செய்யும் ஒத்திகையே விபத்தாகலாம்.

இங்கே தமிழகத் தொழிற்பகுதிகளின் நாட்காட்டி உதவக்கூடும். ஆயுத பூஜையை ஒட்டி இயந்திரங்களை நிறுத்திச் சுத்தம் செய்து பராமரிப்பது ஆலைகளில் வேரூன்றிய வழக்கம். அது செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோ, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. ஆண்டின் முழு ஒத்திகைக்கு, அதாவது மின்சாரத்தை உண்மையாகவே நிறுத்தி நகல் பொறுப்பேற்பதைப் பார்ப்பதற்கு, இதைவிடப் பொருத்தமான காலம் இருப்பதாகத் தெரியவில்லை. இடைப்பட்ட மாதங்களில், முன்னறிவித்துச் செய்யும் எளிய இடமாற்றம் போதுமாகலாம்.

ஆறாம் விடை: பொறுப்பை ஒப்படைத்தல்

இவ்வளவும் ஓர் ஆலையின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. காலமும் அவர்கள் பக்கம் சாய்கிறது. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. தொடர்வோருக்குச் சந்தாப் பதிப்பு மட்டுமே. டவ்காட் தன் 2.4 பதிப்பில் உள்ளமைந்த இரட்டிப்பு வசதியை நீக்கிவிட்டது. மறுபுறம், 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் வலையமைப்பு நிர்வாக மென்பொருளோடு தொடங்கி, மேனேஜ்இன்ஜின் என்ற பெயரில் உலகெங்கும் கண்காணிப்புக் கருவிகள் விற்கும் ஜோஹோ, 2008 முதல் தானே மின்னஞ்சல் சேவையும் நடத்துகிறது. மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் அதன் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025இல் செய்திகள் வெளியாயின. பிறருக்குக் கண்காணிக்கக் கற்றுக்கொடுத்த நிறுவனம், பிறருக்காகத் தானே கண்காணிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. 2022 டிசம்பரில் ராக்ஸ்பேஸ் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் சேவை பிணைத்தொகைத் தாக்குதலில் முடங்கியபோது, அதை நம்பியிருந்த சிறு நிறுவனங்களுக்குத் தங்கள் பழைய அஞ்சல்களை அடைய உடனடி வழி இருக்கவில்லை. வாடிக்கையாளருக்கு நகல்களின் வரிசை நீளமோ சரிபார்ப்பு முடிவோ தெரிவதில்லை; சேவையாளர் வெளியிடும் நிலைப் பக்கம் மட்டுமே தெரியும். ஒப்படைத்தல் கண்காணிப்பைக் குறைக்கிறது, முற்றிலும் நீக்குவதில்லை. ஆலையின் இணைய இணைப்பு, டொமைன் பதிவு, தனியாக எடுத்துவைக்கும் பிரதி ஆகியவை இன்னும் ஆலையின் கவலைகளே.

எல்லா விடைகளுக்கும் அடியில்

இந்த ஆறு தரப்புகளும் பொதுவாக எடுத்துக்கொள்ளும் இரண்டு அனுமானங்களைத் தனியே சுட்ட வேண்டும்.

முதலாவது, நகல்கள் ஒன்றையொன்று சாராதவை என்பது. இரு நகல்களும் ஒரே மின்வழி, ஒரே ஃபைபர் பாதை, ஒரே நிர்வாகக் கடவுச்சொல், ஒரே மென்பொருள் பதிப்பு, ஒரே புயல் ஆகியவற்றைப் பகிர்ந்தால், தனித்தனியே எடுக்கப்படும் ‘நலம்’ என்ற அளவீடுகள் கூட்டாக எதையும் உறுதி செய்வதில்லை. எந்தக் கண்காணிப்புத் திரையும் இதைத் தானாகக் காட்டாது. ஒருவர் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்க்க வேண்டிய பட்டியல் இது.

இரண்டாவது, எச்சரிக்கை யாரையோ சென்றடையும் என்பது. மின்னஞ்சல் சர்வர் நின்றதை அதே சர்வர் வழியாக மின்னஞ்சலில் தெரிவிக்கும் ஏற்பாடு எந்தப் பயனும் தராது. குறுஞ்செய்தி அல்லது தொலைபேசி அழைப்பு வேண்டும். அதிலும், ‘எல்லாம் சரி’ என்ற செய்தி ஒழுங்காக வந்துகொண்டிருந்து, அது நின்றால் மணி அடிக்கும் முறை, கண்காணிப்புக் கருவியே படுத்துவிடும் நிலையையும் பிடிக்கிறது. ஒருவரோ இருவரோ மட்டும் தகவல் தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆலையில், இரவு இரண்டு மணிக்கு அந்த அழைப்பை எடுப்பவர் யார் என்பதும் கண்காணிப்பு வடிவமைப்பின் ஒரு பகுதி.

மதிப்பீடு

விடைகளை ஒப்பிடும்போது ஒரு வரிசை புலப்படுகிறது. மின்னஞ்சலின் இயல்பே இதற்கு அடிப்படை. பெறும் சர்வர் நின்றால், அனுப்பும் சர்வர் பொதுவாகக் குறைந்தது நான்கைந்து நாளாவது மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்கிறது அஞ்சல் நெறிமுறை. வந்துகொண்டிருக்கும் அஞ்சல் சில மணி நேரத் தடையைத் தாங்கும். சேமித்து வைத்த அஞ்சல் அழிந்தால் மீண்டும் அனுப்ப ஆளில்லை. எனவே, துடிப்புக்கும் பின்தங்கலுக்கும் இன்று கண்காணிப்பில் கிடைக்கும் முதலிடம் அளவுக்கு மீறியது என்றே தோன்றுகிறது. ஒரு நடுத்தர ஆலைக்கு முதலில் வேண்டியது நகல்கள் ஒன்றையொன்று சாராதிருப்பதும் துண்டிக்கப்பட்ட ஒரு பேக்கப்பும்; அடுத்தது பருவமழைக்கு முந்தைய ஒத்திகை; அதன் பிறகே வரிசை நீளமும் எச்சரிக்கை வரம்புகளும். சரக்கு லாரி வாயிலில் காத்திருக்க, சான்றிதழ் அஞ்சலில் வந்தாக வேண்டிய ஆலையில் இந்த வரிசை ஓரளவு மாறலாம்.

மூன்று கேள்விகள் திறந்தே இருக்கின்றன. காத்திருக்கும் நகலை, அதன் பணியைக் குலைக்காமல், ஒரு பயனர் பார்ப்பதுபோல் பார்க்க வழி உண்டா? ஒத்திகை இதற்கு அருகில் வருகிறது. ஆனால் அது அந்த நாளின் நிலையை மட்டுமே சொல்கிறது. பொறுப்பை மாற்றும் முடிவைத் தானியங்கியிடம் விடுவதா, மனிதரிடம் விடுவதா? கிட்ஹப் அனுபவம் தானியங்கி மீதும், கிட்லேப் அனுபவம் மனிதர் மீதும் எச்சரிக்கை விடுக்கின்றன. இரு நகல் அமைப்பில் மனிதர் பக்கம் சாய்வதற்கு நியாயம் கூடுதல், ஆனால் அது நிறுவப்பட்ட முடிவு அல்ல. மூன்றாவதாக, ஆயிரக்கணக்கான சர்வர்களில் எடுத்த அளவீடுகளிலிருந்து பிறந்த வரம்புகள் இரண்டு சர்வர் உள்ள இடத்துக்கு எவ்வளவு பொருந்தும்? அதற்கு விடை சொல்ல, சிப்காட் வளாகங்களில் உள்ளவை போன்ற நிறுவனங்கள் தங்கள் பழுதுகளைப் பதிந்து, பெயர் மறைத்தாவது பகிர்ந்துகொள்ள வேண்டும். செர்ட்-இன் ஆணைப்படி 180 நாள் சேர்த்துவைக்கும் பதிவேடுகள் அதற்கான மூலப்பொருளை ஏற்கெனவே தந்துகொண்டிருக்கின்றன. தொழிற்பேட்டைச் சங்கங்கள் முன்வந்தால் அந்த வேலை தொடங்கலாம்.